எல்லாருக்கும் ஒரு கப்பு

தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவருக்கு மனசில் ஒரு சங்கடம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் செஸ் போட்டிக்குப் போனாள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் கையில் கப்போடு திரும்பி வந்தாள். 'கலந்துகொள்ளும் அனைவருக்கும் கோப்பை' என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள். "தோத்துட்டு வந்தாலும் கப்பு கிடைக்கும்னா, பிள்ளை எதுக்குத் தம்பி மெனக்கெட்டு ஆடப் போகுது?" என்று டீக்கடையில் கேட்டார். நியாயமான கேள்விதான். இதற்குச் சட்டென்று ஆமாம், இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இது இந்தக் காலத்துச் செல்லம் என்று முதலில் நினைக்க வேண்டாம். 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் முதலிடத்துக்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும் கொடுத்தார்கள். மூன்றாமிடத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் கலந்துகொண்டவர்களுக்கு நினைவுப் பதக்கம் உண்டு. அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. அதனால் தங்கத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. இது வந்ததற்கு, அது வென்றதற்கு என்று பார்த்தவுடனே தெரிகிறது. அண்ணாச்சி மகள் கொண்டுவந்த கப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு ஸ்டிக்கர். போட்டியின் பெயர், தேதி. பிள்ளையின் பெயர் இல்லை. வென்ற பிள்ளைக்குக் கொடுத்ததும் இதே அச்சுதான், கொஞ்சம் உயரம் கூட, அவ்வளவே. நுழைவுக் கட்டணத்திலேயே இந்தக் கப்பின் விலையும் அடங்கிவிடுகிறது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

நோட்டீஸில் முன்கூட்டியே போடுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பேச்சு ஏதுமின்றி அதே பேனாக்களை மேசைமேல் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை துளியும் குறையவில்லை. சான்றிதழ் எல்லாருக்கும் ஒன்றுதான். 'தருவோம்' என்ற பேச்சு முன்னால் வந்ததுதான் கெடுத்தது.

வயதையும் பார்க்க வேண்டும். பத்து, பதினொரு வயதுவரை பெரும்பாலான பிள்ளைகளுக்குத் திறமை வேறு, உழைப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளையிடம் நீ நாற்பதாவது இடம் என்றால், இன்னும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. எனக்கு இது வராது என்றுதான் தோன்றும். நார்வேயில் இதற்கு விதியே வைத்திருக்கிறார்கள். பதினொரு வயது ஆகும்வரை தரவரிசைப் பட்டியல் போடக்கூடாது. சிறுவர் போட்டியில் பரிசு கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். அப்போது சுமார் 54 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்தது. பனி நிறைந்த நாடு, பணமுள்ள நாடு என்பதெல்லாம் சரிதான். ஆனாலும் சின்ன வயதில் வரிசை போடாததால் பிள்ளைகள் சோம்பிப் போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

பதின்மூன்று, பதினான்கு வயதானால் கதை வேறு. எங்கள் ஊர் தருவை மைதானத்தில் ஓட வருகிற பையனுக்குத் தன் நேரமும் தெரியும், பக்கத்து லேனில் ஓடுகிறவன் நேரமும் தெரியும். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் பிடித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்பதும் தெரியும். அவனிடம் எல்லாருக்கும் கொடுக்கிற கப்பை நீட்டினால் கூச்சப்படுவான். அந்த வயதில் தோல்வியைத் தோல்வி என்றே சொல்வதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை.

அண்ணாச்சியிடம் நான் அழுத்திச் சொன்னது வேறொன்று. கப்பை விட்டுவிடுங்கள், உங்கள் மகள் அன்றைக்கு எத்தனை ஆட்டம் ஆடினாள் என்று கேட்டேன். எல்லாச் சுற்றும் ஆடினாளாம். செஸ் போட்டிகளில் ஸ்விஸ் முறை என்று ஒன்று உண்டு. தோற்றவரை வெளியே அனுப்ப மாட்டார்கள். அடுத்த சுற்றில் அதே அளவு புள்ளி உள்ள இன்னொருவரோடு உட்காரவைப்பார்கள். ஆக, பிள்ளை தனக்குச் சமமான ஆளோடு கடைசிவரை ஆடுகிறது. அவளுக்கு அன்று கிடைத்த நல்ல பரிசு அதுதான்.

நம் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளில் கபடிக்கும் கால்பந்துக்கும் பெரும்பாலும் நாக் அவுட்தான். காலையில் முதல் ஆட்டத்தில் தோற்ற அணி, பத்து மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறது. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து ஆடியது அந்த ஒரே ஆட்டம். அதிகம் ஆட வேண்டிய பிள்ளைகளுக்குத்தான் குறைவாக ஆட்டம் கிடைக்கிறது. ஆட வாய்ப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரனும், அங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்ற கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலம் வாங்கினார்கள். அந்த ஊரில் மட்டை பிடிக்கப் பிள்ளைகளும் ஆட இடமும் இருந்ததால்தான் அது நடந்தது.

காலையில் தோற்ற இரண்டு அணிகளை மத்தியானம் ஒன்றோடொன்று ஆடவிடலாம். அதற்குத் தனிச் செலவு கிடையாது. காலியாகக் கிடக்கும் ஒரு ஆடுகளமும், விசிலோடு நிற்க ஒரு பி.இ.டி. மாஸ்டரும் போதும்.