பாம்பச்சம்: பிறவிக் குணமா, பழக்கமா?

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. பாம்பை நேரில் கண்டறியாத நகரத்து மனிதனும் இருளில் கிடக்கும் கயிற்றைக் கண்டு துள்ளுகிறான். இவ்வச்சம் பிறவியிலேயே வந்ததா? பிறர் சொல்லக் கேட்டு வந்ததா? மனிதனின் உடல் மட்டுமன்றி உள்ளமும் பரிணாம வழியில் உருவாயிற்று எனக் கொள்ளும் அறிஞர்கள் இவ்வினாவிற்குக் கண்ட விடை, கற்பிக்கும் தொழிலில் உள்ள நாம் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

முதலில் டார்வின் தம்மீதே செய்துகொண்ட சோதனையைக் காண்போம். லண்டன் விலங்குக் காட்சிசாலையில், ஒரு நச்சுப் பாம்பின் முன்னிருந்த தடித்த கண்ணாடியருகே அவர் முகத்தை வைத்து நின்றார். பாம்பு சீறிப் பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என உறுதி பூண்டார். அது பாய்ந்ததுதான் தாமதம். அவர் ஓரிரு கஜம் பின்னே துள்ளிவிட்டார்! கண்ணாடி காக்கும் என்பதை அறிவு உணர்ந்திருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்கவில்லை. உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றி 1872ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவரே இதனைக் குறித்துள்ளார்.

ஆயின், இவ்வச்சம் முழுவதும் பிறவிக் குணமென்று சொல்லலாமா? 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்க உளநூலார் சூசன் மினெக்கா, மைக்கேல் குக் ஆகியோர் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சின. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவையோ, பாம்பிற்கு அப்பால் வைத்த உணவைத் தயங்காது எட்டி எடுத்தன. எனினும், காட்டுக் குரங்கு பாம்பைக் கண்டு நடுங்குவதைச் சிறிது நேரம் பார்த்ததும் அவற்றுட் பெரும்பாலானவை தாமும் அஞ்சத் தொடங்கின. மூன்று மாதம் கழிந்தும் அவ்வச்சம் குறையவில்லை.

அப்படியானால் எதைக் கண்டும் அஞ்சுமாறு பழக்கிவிடலாம் அல்லவா? அதையும் சோதித்தனர். குரங்கு அஞ்சும் காட்சியைப் படமாக்கி, பாம்பிருந்த இடத்தில் பூவைப் பொருத்திக் காட்டினர். நடுக்கம் அதே நடுக்கம்தான்; ஆயினும் எக்குரங்கும் பூவுக்கு அஞ்சக் கற்றுக்கொள்ளவில்லை. 1989இல் வெளிவந்த முடிவு இது.

இதன் பொருள் என்ன? பாம்பச்சத்தை விரைந்து கற்ற முன்னோரே பிழைத்துச் சந்ததியை விட்டுச் சென்றனர். பிறவி தருவது அச்சத்தை அன்று. அதனை எளிதிற் கற்கும் ஆயத்தத்தை. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. எக்குணத்தைக் கண்டாலும், 'இது முன்னோர்க்குப் பயன்பட்டது' எனக் கதை புனைவது எளிது. பூவையும் பாம்பையும் ஒப்பிட்டதுபோலச் சோதித்தாலன்றி அது அறிவியலாகாது.

இன்று நம் பிள்ளைகளை மோட்டார் வண்டியும் மின்சாரமும் சூழ்ந்துள்ளன. இவை முன்னோர் காணாதவை. இவற்றுக்கு உள்ளத்தில் ஆயத்தம் இல்லை. ஆகவே சாலை கடக்கும் முறையை ஒருமுறை கூறி நிறுத்தாமல், பலமுறை பழக்க வேண்டும்.

அவ்வறிஞர்கள் 1986இல் வெளியிட்ட மற்றொரு முடிவும் நமக்குரியது. பாம்பின் அருகே அமைதியாயிருந்த குரங்கை முதலில் பார்த்த குரங்குகளுட் பெரும்பாலானவை, பின்னர் அஞ்சும் குரங்கைக் கண்டபோதும் அவ்வச்சத்தைப் பற்றிக்கொள்ளவில்லை. எளிதில் தொற்றும் அச்சத்தையும் மூத்தோரின் அமைதி தடுக்கவல்லது. மாணவர் நம் சொல்லைக் கேட்குமுன் நம் முகத்தைப் படித்துவிடுகின்றனர் என்பதை வகுப்பில் நுழையும்போதெல்லாம் நாம் நினைவிற் கொள்வோமாக.