குடுமிக் கதவுச் சீன அலமாரி

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பழைய பங்களா ஒன்றைப் பராமரித்துவரும் அன்பர் ஒருவர், அங்குள்ள சீன அலமாரியின் குடுமிக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்வதாகவும், தச்சர் அதைச் சீவி இரும்புக் கீல் பொருத்தச் சொல்வதாகவும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்.

மிங் வம்சத்தாரின் ஆட்சியில், 1567இல் கடல் வாணிபத் தடை தளர்ந்தபின், வைரம் பாய்ந்த மரங்கள் தென்திசை நாடுகளிலிருந்து சீனத்துக்கு ஏராளமாகச் சென்றன. சீனர் கொண்டாடும் ஹுவாங்ஹுவாலி மரம், நம் கூடலூர்க் காடுகளின் ஈட்டி மரத்தோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. ஸிதான் என்று போற்றப்பட்டதோ ஆந்திரத்துச் செம்மரமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

அம்மரங்களில் செய்த அலமாரிகளில் சதுர மூலையுடையவை நிமிர்ந்து நின்று பித்தளைக் கீல்களில் திறப்பவை. அவற்றுள் சில, தலைமேல் சிறுபெட்டி ஒன்றைத் தாங்கி, இரட்டையாகவே வைக்கப்படும். என் மனத்தைக் கவர்ந்தது உருண்ட மூலையுடைய வகை. அதற்குக் கீலே இல்லை. எங்கள் பாட்டனார் வீட்டு வாசற்கதவைப் போலவே, கதவுச் சட்டத்தின் மேலும் கீழும் நீண்ட குடுமிகள் குழிகளில் அமர்ந்து சுழல்கின்றன. அதன் கால்கள் மேலே செல்லச்செல்ல உட்புறம் சாய்வதால், சாய்ந்த அச்சில் தொங்கும் கதவு, திறந்து விட்டவுடன், தன் பாரத்தினாலேயே மெல்லத் திரும்பிவந்து சாத்திக்கொள்ளும். சற்றே மேலே தூக்கினால் கதவு முழுதுமே கையோடு வந்துவிடும்.

கதவின் நடுப்பலகையும் சட்டத்தின் காடியில் ஆணியின்றிச் செருகப்பட்டதே. ஈரக்காற்றில் மரம் குறுக்குவாட்டில் பருக்கும், வறட்சியில் சுருங்கும். அந்த அசைவுக்குக் காடிக்குள் இடம் விட்டிருப்பதால்தான் நூற்றாண்டுகள் கடந்தும் பலகை பிளப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறி நனைக்கும் நீலகிரியில் ஆணி அடித்தும் பசை பூசியும் அப்பலகையை அசையாமல் கட்டிப்போடுவது, அதைப் பிளக்கச் செய்வதற்கே வழி.

ஈட்டி மரத்தைக் காக்க 1994இல் தனிச் சட்டமே இயற்றிய தமிழ்நாட்டில், அதன் உறவுமரத்தில் கடைந்த அருஞ்செல்வத்தைச் சீவியும் இரும்புக் கீல் பொருத்தியும் கெடுப்பது விவேகமாகாது. ஆகவே அன்பர் உளியையும் இழைப்புளியையும் தொடவேண்டாம். கதவைத் தூக்கியெடுத்து, குழியிலுள்ள தூசியைத் துடைத்து, குடுமியில் சிறிது மெழுகு தடவி மாட்டி, ஜனவரி மாதத்து வறண்ட காற்று வரும்வரை பொறுத்திருக்கட்டும். பருத்த மரம் தானே சுருங்கும்.