வீட்டுக்குள் ஒரு தியேட்டர்! 6 பெட்டி வாங்கும் முன் தெரிய வேண்டியவை

கூடத்தில் பெரிய டெலிவிஷன் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். படம், பாட்டு, விளையாட்டு எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்துதான் வருகின்றன. படம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் சத்தம்?

டெலிவிஷன்கள் இப்போது தகடு போல மெலிந்துவிட்டன. அவற்றுக்குள் இருக்கும் ஒலிபெருக்கிகளும் சிறுத்துவிட்டன. பல டெலிவிஷன்களில் அவை தரையைப் பார்த்தபடியோ, பின் சுவரைப் பார்த்தபடியோ இருக்கின்றன. கதாநாயகன் பேசும் பேச்சு சுவரில் மோதித் திரும்பித்தான் காதுக்கு வருகிறது. வீட்டில் உள்ள பெரியவர்கள், "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அதனால்தான் பல குடும்பங்கள் "சரவுண்டு சவுண்டு" வாங்கப் புறப்படுகின்றன. சரவுண்டு சவுண்டு என்றால் சூழ்ந்து வரும் ஒலி. மழை பெய்தால் நாலு பக்கமும் மழை பெய்வது போலக் கேட்கும். குதிரை ஓடினால் அது இடமிருந்து வலமாகக் காதைக் கடந்து போகும்.

பல மாதம் சேர்த்த பணம். அதைச் சரியாகச் செலவழிக்க வேண்டாமா?

வருங்கால மனைவியுடன் படம் பார்த்தவர்

முதலில் ஒரு பழைய கதை.

இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்று ஒரு என்ஜினீயர் இருந்தார். 1931-ல் அவருக்கு வயது 28. ஒரு நாள் தன் வருங்கால மனைவியுடன் சினிமாவுக்குப் போனார். திரையின் ஒரு ஓரத்தில் நடிகர் நின்று பேசினார். பேச்சோ வேறு பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கியில் இருந்து வந்தது. "இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வழி தெரியும்" என்ற பொருளில் அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னதாகச் சொல்வார்கள்.

சொன்னதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உரிமைப் பதிவுக்கு மனுப் போட்டார். இன்று "ஸ்டீரியோ" என்று சொல்லும் இரட்டை ஒலிக்கு அதுதான் அடிப்படை. 1942-ல், போர்க் காலத்தில், விமானத்தில் ரேடார் சோதனை நடத்தியபோது விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். அப்போது வயது 38.

அவர் கண்ட உண்மை எளிமையானது. மனிதனுக்கு இரண்டு காது. இடப்பக்கம் பிறக்கும் ஒலி இடது காதுக்கு முதலில் வருகிறது. வலது காதுக்குச் சற்றுத் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் மூளை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறது.

1940-ல் வால்ட் டிஸ்னி "பேண்டேசியா" என்ற படத்தை நியூயார்க்கில் வெளியிட்டார். தியேட்டரைச் சுற்றிலும் ஒலி வரும்படி செய்தார். கருவிகளின் விலை மலைக்க வைத்தது. அதனால் சில தியேட்டர்களில் மட்டுமே அப்படிக் காட்ட முடிந்தது. 1977-ல் "ஸ்டார் வார்ஸ்" வந்தபோது டால்பி ஒலி புகழ் பெற்றது. 1992-ல் "பேட்மேன் ரிட்டர்ன்ஸ்" படத்தோடு டால்பியின் டிஜிட்டல் ஒலி வந்தது. அன்று பெரிய தியேட்டருக்கு மட்டும் கிடைத்தது, இன்று கூடத்துக்கு வந்துவிட்டது.

5.1 என்றால் என்ன?

கடைக்காரர் "5.1" என்பார். இது விலையும் அல்ல, அளவும் அல்ல. பெட்டிகளின் கணக்கு.

முன்னால் இடது, வலது என்று இரண்டு பெட்டி. அவற்றுக்கு நடுவே ஒன்று. உட்காருபவரின் இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு. ஆக 5. புள்ளிக்குப் பிறகு வரும் 1 என்பது "சப்-ஊபர்". இடி, வெடி, முரசு போன்ற கனத்த சத்தத்துக்கு மட்டும் உள்ள பெட்டி அது. அதற்குக் குறைந்த வேலைதான். அதனால்தான் முழு எண்ணாகச் சேர்க்காமல் புள்ளிக்குப் பின்னால் வைத்தார்கள்.

7.1 என்றால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெட்டி. ஆனால் நம் வீடுகளில் சோபா பெரும்பாலும் பின் சுவரை ஒட்டியே கிடக்கும். பின்னால் பெட்டி வைக்க இடம் ஏது? இடமில்லாத வீட்டுக்கு 7.1 வீண் செலவு. 5.1 போதும்.

"அட்மாஸ்" என்று ஒன்று 2012-ல் வந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும். கூரையில் பெட்டி மாட்ட முடியாதவர்களுக்கு, மேல்நோக்கிப் பாடும் பெட்டி விற்கிறார்கள். அதன் ஒலி கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும். தட்டையான கான்கிரீட் கூரையில் திரும்பும். சரிந்த ஓட்டுக் கூரையில் எங்கோ போய்விடும்!

நடுப்பெட்டிதான் முக்கியம்

கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சப்-ஊபரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது பெரிதாக இருக்கிறது. கடைக்காரரும் அதைத்தான் அதிர வைத்துக் காட்டுகிறார்.

"ஐயா, இது 5 ஆயிரம் வாட். தெருவே அதிரும்!"

"தெரு அதிர வேண்டாம், தம்பி. எங்க அம்மாவுக்கு வசனம் புரியணும்."

இப்படிக் கேட்பவர்தான் கெட்டிக்காரர். சினிமாவில் வசனத்தின் பெரும்பகுதி நடுப்பெட்டியில் இருந்துதான் வருகிறது. விலை குறைந்த சில செட்டுகளில் நடுப்பெட்டியைத் தீப்பெட்டி போலச் செய்துவிடுகிறார்கள். அதில் வசனம் மூக்கால் பேசுவது போல இருக்கும். முன்னால் உள்ள மூன்று பெட்டிகளும் ஒரே வகையாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் திரையில் ஒருவர் நடந்துகொண்டே பேசும்போது அவர் குரல் வழியில் மாறிவிடும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது சண்டைக் காட்சியைக் கேட்க வேண்டாம். இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். காது மந்தமானவர் வீட்டில் இருந்தால் அவரையே கடைக்கு அழைத்துப் போவது இன்னும் நல்லது.

வாட் மோசடி

அந்த "5 ஆயிரம் வாட்" என்ன ஆயிற்று?

பெட்டியின் மேல் "பி.எம்.பி.ஓ." என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். அதை அளக்க ஒழுங்கான முறை எதுவும் இல்லை. விற்பவர் இஷ்டப்படி போடலாம். "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு. பெட்டி இடைவிடாமல் தாங்கும் சக்தி அது.

உண்மையில் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? சாதாரணமான ஒரு நல்ல ஒலிபெருக்கி 1 வாட் மின்சாரத்தில், ஒரு மீட்டர் தூரத்தில், 87 டெசிபல் அளவுக்குச் சத்தம் தருகிறது. அதுவே உரத்த சத்தம்தான். வாட்டை இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட் பெட்டிக்கும் 60 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு எட்டாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

காதும் பாதுகாக்க வேண்டிய பொருள். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கக் கூடாது.

கம்ப்யூட்டரில் இருந்து ஒலி எப்படி வரும்?

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். 6 பெட்டி வாங்கி மாட்டுவார்கள். இரண்டில் மட்டும் சத்தம் வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெட்டியில் பழுது இல்லை. கம்பியில்தான் விஷயம்!

முதல் வழி, கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள சிறு துளைகள். பச்சை நிறத் துளை முன் பெட்டிகளுக்கு. கருப்பு, பின் பெட்டிகளுக்கு. ஆரஞ்சு, நடுப்பெட்டிக்கும் சப்-ஊபருக்கும். மூன்று துளைக்கும் மூன்று கம்பி மாட்டினால்தான் 5.1. மடிக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஒரே துளைதான் உண்டு. அதில் இரண்டு பெட்டி ஒலிதான் வரும்.

இரண்டாவது, ஒளிக்கம்பி. இதற்குள் ஒலி வெளிச்சமாகப் போகிறது. படத்தில் ஏற்கனவே டால்பி முறையில் சுருக்கி வைத்த 5.1 ஒலியை இது கொண்டுபோகும். ஆனால் பையன் விளையாடும் விளையாட்டின் ஒலி இதில் சாதாரணமாக இரண்டு வழியாகத்தான் போகும். அதையும் சுருக்கி அனுப்பும் வசதி சில கம்ப்யூட்டர்களில்தான் உண்டு.

மூன்றாவது, எச்.டி.எம்.ஐ. கம்பி. இதுதான் சிறந்தது. படமும் ஒலியும் ஒரே கம்பியில் போகும். 8 வழி ஒலியைச் சுருக்காமலே கொண்டுபோகும். கம்ப்யூட்டரில் இருந்து ஒலிபெருக்கியை இயக்கும் "ரிசீவர்" கருவிக்கு ஒரு கம்பி. அங்கிருந்து டெலிவிஷனுக்கு ஒரு கம்பி. வேலை முடிந்தது. ஆனால் பழைய ரிசீவர் வாங்குகிறவர்கள், அது 4கே படத்தைத் தடுக்காமல் டெலிவிஷனுக்கு அனுப்புமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

புளூடூத் வேண்டாம். அதில் சாதாரணமாக இரண்டு வழிதான் வரும். உதடு அசைந்த பிறகு வசனம் வருவதும் உண்டு.

மாட்டியதும் கம்ப்யூட்டரின் ஒலி அமைப்புக்குள் போய் "5.1" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் எந்தக் கம்பியும் பயன் தராது. அங்கேயே ஒவ்வொரு பெட்டியாக ஒலிக்க வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று. இணையத்தில் படம் காட்டும் சில நிறுவனங்கள் பிரவுசரில் இரண்டு வழி ஒலிதான் தருகின்றன. அவர்களுடைய செயலியில் பார்த்தால் 5.1 வரும்.

எதை வாங்கலாம்?

கம்ப்யூட்டருக்கென்றே விற்கும் 5.1 செட்டு விலை குறைவு. சிறிய அறைக்குப் போதும். ஆனால் சப்-ஊபருக்குள்ளேயே மற்ற பெட்டிகளுக்கான இயந்திரமும் இருக்கும். அது கெட்டால் ஆறும் ஊமை.

ரிசீவரும் தனித்தனிப் பெட்டிகளும் வாங்குவது செலவு அதிகம். ஆனால் இதில் ஒரு சௌகரியம் உண்டு. இந்த ஆண்டு ரிசீவரும் முன் மூன்று பெட்டிகளும் வாங்கலாம். பின் பெட்டிகளை அடுத்த தீபாவளிக்கு வாங்கலாம். எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். பணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் குடும்பத்துக்கு இதுவே நல்ல வழி. பெட்டியின் "ஓம்" அளவு ரிசீவருக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டெலிவிஷனுக்குக் கீழே ஒரே நீளப் பெட்டியாக "சவுண்டுபார்" கிடைக்கிறது. கம்பித் தொல்லை இல்லை. பக்கச் சுவரில் ஒலியை மோதவிட்டுச் சுற்றிலும் கேட்பது போலச் செய்பவையும் இவற்றில் உண்டு. கூடத்தின் ஒரு பக்கம் சாப்பாட்டு அறையாகத் திறந்து கிடந்தால் மோதுவதற்குச் சுவரே இல்லை!

எங்கே வைப்பது?

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். "ணங்" என்று எதிரொலித்தால், வழவழப்பான தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன என்று அர்த்தம். அதில் எவ்வளவு உயர்ந்த பெட்டி வைத்தாலும் வசனம் குழம்பும். தரையில் கனமான ஜமுக்காளம் விரிக்கலாம். ஜன்னலுக்குக் கெட்டியான திரை போடலாம். புத்தக அலமாரியும் உதவும்.

முன் பெட்டிகள் காது உயரத்தில் இருக்க வேண்டும். பக்கப் பெட்டிகள் காதை விடச் சற்று உயரமாக இருக்கலாம். கம்பி மாட்டும்போது சிவப்பைச் சிவப்பிலும், கருப்பைக் கருப்பிலும் மாட்ட வேண்டும். ஒரு பெட்டியில் மாறிப்போனாலும் கனத்த ஒலி வற்றிவிடும்.

சப்-ஊபருக்கு இடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அதைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். முரசு ஒலிக்கும் பாட்டைப் போடுங்கள். பிறகு குழந்தை போல அறையைச் சுற்றித் தவழ்ந்து போங்கள். எங்கே முரசு தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே சப்-ஊபரை வையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆனால் என்ஜினீயர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அடுக்கு மாடியில் குடியிருப்பவர்கள் அதைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. கனத்த ஒலி சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுக்கும். ரிசீவரில் "இரவு" என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அழுத்தலாம். வெடிச் சத்தம் அடங்கும். மெல்லிய பேச்சு மேலே வரும்.

பழைய படங்களுக்கு ஒரு வார்த்தை. 1950-களில் வந்த தமிழ்ப் படங்கள் ஒரே வழி ஒலியில் பதிவானவை. அவற்றை 6 பெட்டியிலும் அலற விட்டால் வசனம் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும். ரிசீவரில் "டால்பி சரவுண்டு" அமைப்பை வைத்தால் அந்த ஒலி நடுப்பெட்டிக்குப் போய்விடும். வசனம் திரையின் நடுவில் இருந்து தெளிவாகக் கேட்கும்.