துல்கர்னைன் யார்?

வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் சூரத்துல் கஹ்ஃபில், 83ஆம் வசனத்திலிருந்து 98ஆம் வசனம் வரை ஒரு பேரரசரின் வரலாறு கூறப்படுகின்றது. அவர் சூரியன் மறையும் திசை வரை சென்றார். உதிக்கும் திசை வரை சென்றார். இரு மலைகளுக்கிடையே இரும்புத் தடுப்பை எழுப்பி, யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டத்தாரின் கொடுமையிலிருந்து ஒரு சமுதாயத்தைக் காத்தார். துல்கர்னைன், அதாவது இரு கொம்புகளை உடையவர் என்பது அவருடைய அடைமொழியே. இயற்பெயரையோ, நாட்டையோ, காலத்தையோ திருமறை கூறவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவின் ஆண்டு விழா மலருக்காக இவ்வரசரைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். கல்லூரியில் வரலாறு பயின்றவன் என்ற துணிவு எனக்கிருந்தது. துல்கர்னைன் என்பவர் மாவீரர் அலெக்ஸாண்டரே என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். சிவகாசி அச்சகமொன்றில் வண்ண அட்டையுடன் மலர் வெளிவந்தது, பாராட்டும் கிடைத்தது. அண்மையில் அக்கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு சிறுவன் எழுந்தான். அவனுடைய தாயார் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர்.

“ஹஜ்ரத், அலெக்ஸாண்டர் நிறைய சாமி கும்பிட்டவர்னு எங்க ஸ்கூல் சார் சொன்னாங்களே. துல்கர்னைன் அல்லாஹ்வை நம்பினவர்தானே?”

எனக்கு விடை கூற இயலவில்லை. அடுத்த வெள்ளியன்று சொல்கிறேன் என்று கூறித் தப்பித்துக்கொண்டேன். அன்றிரவிலிருந்து நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

நான் மட்டுமா அவ்வாறு எழுதினேன்? இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்களும் அலெக்ஸாண்டர் என்ற கருத்தையே கொண்டிருந்தார்கள். கிழக்கிலும் மேற்கிலும் அத்துணை தூரம் வென்ற அரசர் வேறு எவர் என்பது வாதம். அலெக்ஸாண்டர் இறந்தபின் அவருடைய தளபதி லிசிமாக்கஸ் வெளியிட்ட நாணயங்களில், ஆட்டுக்கடாக் கொம்புடன் அவர் முகம் பொறிக்கப்பட்டுள்ளது உண்மை. ஆனால் அக்கொம்பு எகிப்தியரின் அம்மோன் என்ற தெய்வத்தின் சின்னமாகும்! தம்மை அத்தெய்வத்தின் மைந்தர் எனக் கொண்டாடியவரைத் திருமறை போற்றும் நல்லடியாராக எப்படிக் கொள்வது? இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள், மக்கதோனிய அலெக்ஸாண்டர் வேறு, துல்கர்னைன் வேறு என்று தெளிவாகவே பிரித்துரைத்துள்ளார்கள். அதை அன்றே படித்திருந்தால் இந்தத் தலைகுனிவு நேர்ந்திராது. (நம் குடும்பங்களில் சிக்கந்தர் என்று பெயர் சூட்டுகிறோமே, அது அலெக்ஸாண்டர் என்னும் பெயரின் திரிபுதான்.)

நம் நாட்டிலேயே இக்கேள்விக்காகப் பெரிதும் உழைத்தவர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத். 1921ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கில அரசு அவரைச் சிறைப்படுத்தியபோது, அவருடைய திருமறை விளக்கவுரையின் கையெழுத்துப் பிரதிகளையும் காவல்துறையினர் அள்ளிச் சென்றனர். விடுதலைக்குப் பின் அவை சிதைந்த குப்பையாகவே திரும்பக் கிடைத்தன. சில ஆண்டுகள் மனம் ஒப்பாதிருந்து, பின்னர் மீண்டும் முதலிலிருந்து எழுதினார். ‘தர்ஜுமானுல் குர்ஆன்’ முதற்பாகம் 1931இலும், கஹ்ஃபு அத்தியாயத்தை உள்ளடக்கிய இரண்டாம் பாகம் 1936இலும் வெளிவந்தன. அதில்தான், துல்கர்னைன் என்பவர் பாரசீகப் பேரரசர் சைரஸ் என்று அவர் வாதிட்டார்.

அவருடைய வழி எனக்கு மிகவும் பிடித்தது. நபி (ஸல்) அவர்களைச் சோதிக்க, யூத அறிஞர்களின் தூண்டுதலால் குறைஷியர் கேட்ட கேள்வி இது என்று ஓர் அறிவிப்பு உண்டு. எனவே யூதர்களின் ஏட்டிலேயே தேடினார். தானியேல் ஆகமத்தின் கனவில் இரு கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்று வருகின்றது. அது மேதிய, பாரசீக அரசர்களைக் குறிக்கும் என்று அங்கேயே விளக்கமும் உண்டு. சைரஸ் கி.மு. 539இல் பாபிலோனை வென்று, அங்கு அடிமைப்பட்டிருந்த யூதர்களைத் தாயகம் திரும்ப அனுமதித்தவர். ஈரானில் பசர்கடே என்னுமிடத்திலுள்ள புடைப்புச் சிற்பத்தில், சிறகுகளுடனும் கொம்புகளின் மேல் அமைந்த மகுடத்துடனும் ஓர் உருவம் நிற்கின்றது. ஆஸாத் அதனைச் சைரஸ் என்றே கொண்டார். மேற்கே லிதியா, கிழக்கே பாக்திரியா, வடக்கே காகசஸ் மலையின் தாரியல் கணவாய் என மூன்று பயணங்களுக்கும் இடங்களைப் பொருத்திக் காட்டினார். மௌலானா மௌதூதி அவர்களும் பின்னர் இக்கருத்தின் பக்கமே சாய்ந்தார்கள்.

பெயர் கிடைத்துவிட்டது என்றே மகிழ்ந்தேன். மகிழ்ச்சி இரண்டு நாட்களே நீடித்தது. பாபிலோன் இடிபாடுகளில் 1879இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சுட்ட களிமண் உருளை லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு சாண் நீளம்தான். நடுவில் பருத்து, பீப்பாய் போலிருக்கும். அதில் சைரஸின் பெயரால் பொறிக்கப்பட்டுள்ள வாசகம், பாபிலோன் வெற்றியை மர்துக் என்ற அவ்வூர்த் தெய்வத்தின் அருளாகக் கூறுகின்றது! வென்ற ஊரின் வழக்கப்படி அவ்வூர்ப் பூசாரிகள் எழுதிய வாசகம் என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் அலெக்ஸாண்டரின் நாணயத்திற்கும் அதே சமாதானத்தை ஒருவர் சொல்வாரே! ஒரே தராசில்தான் இருவரையும் நிறுக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் தீபாவளிக்கு மறுநாள் சிறுவர்கள் வெடித்த பட்டாசுகளின் காகிதத் துண்டுகளைப் பொறுக்கி, அவற்றில் எஞ்சியுள்ள அச்செழுத்துக்களைப் படிப்பார்கள். பாதி வாக்கியம் கிடைக்கும். மீதியை அவரவர் இட்டு நிரப்பிக்கொள்வர். பண்டை மன்னர்களின் வரலாறும் அவ்வாறே நமக்குக் கிடைத்துள்ளது. அலெக்ஸாண்டருடன் சென்றவர்கள் எழுதிய நூல்களேகூட முழுமையாக இன்று இல்லை. சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தோர் அவற்றிலிருந்து எடுத்தெழுதியவைதாம் நம் கைக்கு வந்துள்ளன.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் எழுதியது தவறு என்று மாணவர்களிடம் முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு வசனங்களுக்கே திரும்பினோம். தடுப்பு கட்டித் தந்தால் கூலி தருகிறோம் என்று அம்மக்கள் கூறியபோது, என் இறைவன் எனக்களித்திருப்பதே மேலானது, உங்கள் உடலுழைப்பை மட்டும் தாருங்கள் என்றார் துல்கர்னைன். இரும்புப் பாளங்களை அடுக்கி, நெருப்பாகும் வரை ஊதச் செய்து, உருக்கிய செம்பை ஊற்றினார். நெருப்பின் குணமறிந்த எங்கள் பிள்ளைகள் இவ்விடத்தில் மூச்சடக்கிக் கேட்டார்கள். பணி முடிந்ததும் அவர் அதைத் தம் சாதனை என்னவில்லை. இறைவனின் அருள் என்றார். அத்தடுப்பும் ஒருநாள் தூளாகும் என்றார். வென்ற நாடுகளின் கணக்கு வசனங்களில் எங்குமே இல்லை.

இவ்வாண்டு மலரில் பழைய கட்டுரையையே மீண்டும் வெளியிட நிர்வாகத்தார் விரும்பினர். திருத்தினால் ஹஜ்ரத்தே தப்பாக எழுதினார் என்று ஊரார் பேசுவார்களே என ஒரு பெரியவர் என் மீதுள்ள அன்பினால் தயங்கினார். பேசட்டும் என்றேன். முதல் வரியை அடித்துவிட்டு, இமாம்களின் இரு கருத்துக்களையும், ஆஸாதின் ஆய்வையும், அதற்கெதிரான களிமண் உருளையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துள்ளேன். நேற்று அச்சகத்திலிருந்து புரூப் வந்தது. அச்சிறுவன் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்போ பரீட்சையில என்ன பேரு எழுதுறது ஹஜ்ரத்?” என்றான்.

“துல்கர்னைன் என்றே எழுது” என்றேன்.