வெயிலில் நிற்கும் காரின் பேட்டரிக்கு என்ன ஆகிறது, தெரியுமா?

விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்மப் பல்லவன் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். எடுத்துவிட்டுச் சும்மா இருந்தானா? செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. பிரம்மாவுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் (அவனுடைய பட்டப்பெயர்தான்) எடுத்த கோயில் இது என்று முகப்பிலேயே வடமொழியில் வெட்டி வைத்தான்! என்ன மிடுக்கு, பாருங்கள். அந்தக் கோயிலைப் பார்க்கச் சென்னையிலிருந்து மின்சாரக் காரில் கிளம்புகிறவரின் இருக்கைக்கு அடியில் இருப்பதோ முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள ஒரு பெட்டி. அதற்குள் செம்புத் தகடு, அலுமினியத் தகடு, கிராஃபைட், லித்தியம், வண்டியைப் பொறுத்து இரும்போ நிக்கலோ! கோயிலுக்கு அரசன் வாரண்டி எதுவும் எழுதித் தரவில்லை. பெட்டிக்குப் பல கம்பெனிகள் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகின்றன.

எட்டு வருஷம் முடிந்த மறுநாள் பேட்டரி செத்துப்போகும் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகாது! அத்தனை நாளைக்குள் கொள்ளளவு ஒரு அளவுக்குக் கீழே, பெரும்பாலும் 70 சதவீதத்துக்குக் கீழே, இறங்கினால் கம்பெனி பொறுப்பு என்பதுதான் அந்த வாரண்டியின் அர்த்தம். கனடாவின் ஜியோடேப் நிறுவனம் ஆயிரக்கணக்கான மின்சார வண்டிகளின் தரவுகளை அலசிப் பார்த்து 2024-இல் சொன்ன கணக்கு: சராசரியாக ஆண்டுக்கு 1.8 சதவீதம்தான் தேய்கிறது. பத்து வருஷம் ஓடினாலும் எண்பதுக்கு மேல் மிச்சம்!

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 40 யூனிட் பேட்டரி. (ஆமாம், கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஒரு கிலோவாட் மணி என்றால் ஒரு யூனிட்.) ஒரு சார்ஜில் உண்மையாகவே 250 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். முழுசாக நிரப்பி முழுசாகக் காலி செய்வதை 1,500 முறை தாங்கினால்கூட 3,75,000 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து மண்டகப்பட்டு போய்த் திரும்ப 340 கிலோமீட்டர் என்று கொண்டால் ஆயிரம் தடவைக்கு மேல் போய் வரலாம். விசித்திரசித்தனே அலுத்துப்போவான்.

செலவு? நம்ம ஊரில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? சார்ஜ் ஏறும்போது வழியில் வீணாவதையும் சேர்த்தால் 40 யூனிட் வண்டியை இரண்டு தடவை நிரப்புவதற்குள் அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். ஆனால் அந்த 100 யூனிட்டில் 500 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள்!

சரி, தேய்வது ஏன்? இங்கேதான் தலைகீழ் விஷயம் ஒன்று இருக்கிறது. பேட்டரிக்கு வயசாக வண்டி ஓட வேண்டும் என்றே இல்லை. ஷெட்டில் சும்மா நின்றாலும் ஆகும்! உள்ளே கிராஃபைட்டின் மேல், ஆறிய பாலில் ஆடை படிகிற மாதிரி, மெல்லிய ஏடு ஒன்று படிந்துகொண்டே போகிறது. முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போதே உருவாகிவிடும் அந்த ஏடு இல்லாவிட்டால் பேட்டரி வேலையே செய்யாது. அது தடிக்கத் தடிக்கத்தான் வம்பு. தடிப்பதற்கு லித்தியத்தைத் தின்கிறது, அந்த அளவுக்குக் கொள்ளளவு குறைகிறது. இதை வேகப்படுத்துகிறவை இரண்டு. ஒன்று வெப்பம். ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி வேதிவினைகளின் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. இன்னொன்று, பேட்டரியை முட்ட நிரப்பி அப்படியே நிறுத்தி வைப்பது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்? அக்னி நட்சத்திரத்தில், 100 சதவீதம் ஏற்றி, மொட்டை வெயிலில் நாள் கணக்காக நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் போவது. பேட்டரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது!

அமெரிக்காவில் இது நடந்தே இருக்கிறது. அரிசோனா பாலைவனத்தில் ஃபீனிக்ஸ் நகரம். நிஸானின் முதல் லீஃப் கார்களை வாங்கியவர்கள் 2012-இல் பார்க்கிறார்கள், டேஷ்போர்டில் கொள்ளளவைக் காட்டும் கோடுகள் ஒன்றொன்றாய் மறைகின்றன! அந்தக் காரில் பேட்டரியைக் குளிரவைக்கத் தனி ஏற்பாடு கிடையாது. கூச்சல் கிளம்பிய பிறகுதான் நிஸான் கொள்ளளவுக்கென்றே தனி வாரண்டி கொடுத்தது, பின்னால் வெப்பம் தாங்கும் ரசாயனத்துக்கும் மாறியது. இன்று இந்தியாவில் விற்கிற மின்கார்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரியைச் சுற்றிக் குளிர்திரவம் ஓடுகிறது. ஆனால் வண்டியை அணைத்து நிறுத்திவிட்டால் பெரும்பாலும் அதுவும் ஓய்ந்துவிடும். ஆகவே விழுப்புரம், திண்டிவனம் வெயிலுக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்று: புளியமர நிழல். காசு கிடையாது. ஊர் விட்டுப் போவதானால் பாதி சார்ஜில் விட்டுப் போங்கள். கோடைச் சாலையில் அடித்து ஓட்டி வந்த கையோடு வீட்டு பிளக்கைச் செருகாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

இதையும் கேளுங்கள். ஆய்வகத்தில் சீராக, ஒரே மட்டத்தில் மின்சாரம் எடுத்துச் சோதித்த பேட்டரிகளைவிட, நிஜச் சாலையில்போல் ஏற்ற இறக்கமாக எடுத்த பேட்டரிகள் 38 சதவீதம் வரை அதிக ஆயுளோடு இருந்தன! 2024 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. சிக்னலில் நின்று, லாரியை முந்தி, மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்து ஓட்டுகிறோமே, அது பேட்டரிக்கு நல்லதாம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு நெரிசலை அவர்கள் பார்த்திருந்தால் இன்னும் கூட்டிச் சொல்லியிருப்பார்கள்.

2019-இல் வேதியியல் நோபல் பரிசு லித்தியம் அயனி பேட்டரிக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ. அதில் குட்இனஃபுக்கு அப்போது வயசு 97, நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர். ஸ்டாக்ஹோமில் அவருக்காக மேடையேறி நோபல் உரையைப் படித்தவர் யார், தெரியுமா? தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம்! மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, 1980-களில் குட்இனஃபோடு சேர்ந்தவர். சாதாரண ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போன்ற கூட்டு அயனிகளைப் போட்டால் இரும்பு மாதிரி மலிவான உலோகத்திலிருந்தும் அதிக வோல்ட்டேஜ் வாங்கலாம் என்று இருவரும் காட்டினார்கள். அந்தப் பாதையில்தான் 1997-இல் குட்இனஃபின் டெக்சஸ் ஆய்வகத்திலிருந்து லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. அதை அறிவித்த கட்டுரையிலும் பாதி, நஞ்சுண்டசாமி என்று இரண்டு இந்தியப் பெயர்கள்!

எல்.எஃப்.பி. என்று ஷோரூமில் சொல்கிறார்களே, அதுதான் இது. டாடா நெக்ஸானிலும் மஹிந்திரா பி.இ. 6-லும் இருப்பது இந்த வகை. நிக்கலும் வேண்டாம், கோபால்ட்டும் வேண்டாம். பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சூடேறினாலும் லேசில் விடாது, தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு. ஆயுளும் கூடுதல். குறை என்னவென்றால் அதே அளவு மின்சாரத்துக்கு எடை அதிகம்.

வேடிக்கை ஒன்று இருக்கிறது, கேளுங்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே என்று மின்கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஓதுகிறார்கள். நிக்கல் வகைக்கு அது நியாயம்தான். எல்.எஃப்.பி.க்கோ, வாரம் ஒரு தடவையாவது 100 வரை ஏற்று என்று டெஸ்லா மாதிரியான கம்பெனிகளே சொல்கின்றன! ஏன்? எல்.எஃப்.பி.யின் வோல்ட்டேஜ் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே. எவ்வளவு மிச்சம் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கே சரியாகத் தெரியாது! எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறது. உச்சிக்குப் போனால்தான் வோல்ட்டேஜ் சட்டென்று ஏறி, கணக்கு நேராகும். 100 வரை ஏற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டிய வண்டி, 15 சதவீதம் என்று காட்டிக்கொண்டே விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றுவிட்டால் அதைத் திட்டாதீர்கள். ஏற்றியதும் ஓட்டிவிடுங்கள், நிரம்பியபடி நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் ஊரார் ஓதுவதை எல்லாம் கேட்க வேண்டாம். முழுசாகக் காலியானால்தான் சார்ஜ் போட வேண்டும் என்பார்கள் இன்னும் சிலர். அது நிக்கல் காட்மியம் காலத்துக் கதை. லித்தியத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

மழை? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது! அந்த மாதிரி வெள்ளத்தில் மின்கார் என்ன ஆகும்? பெரும்பாலான பேட்டரிப் பெட்டிகளுக்கு ஐ.பி. 67 என்ற தரம் உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். அரைமணி நேரம்தான்! இரவெல்லாம் முங்கிக் கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையே வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள். வேறு வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

நானூறு கிலோ பேட்டரி இருக்கிற காரை ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரி படுக்கவைத்துவிடும், தெரியுமா? கதவு திறக்க, விளக்கு எரிய, கம்ப்யூட்டர் விழிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அது செத்தால் பெரிய பேட்டரி நிரம்பி வழிந்தாலும் வண்டி அசையாது!

லித்தியம் பேட்டரி என்கிறோம், அந்த நானூறு கிலோவில் லித்தியம் பத்து கிலோகூடத் தேறாது! கிராஃபைட் அதைப்போலப் பல மடங்கு. அந்த கிராஃபைட் நம் சிவகங்கைச் சீமையில் இருக்கிறது, தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே வெட்டி எடுக்கிறது. அதே மாவட்டத்துக் காரைக்குடியில்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறப்பு. மூலப்பொருளும் ஆராய்ச்சியும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், பேட்டரிக்கு வேண்டிய அளவு சுத்தம் செய்து உருட்டிய கிராஃபைட்டுக்கு உலகமே சீனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் கார் கம்பெனிகளுக்கு வியர்த்தது. எனக்கு இதில் வருத்தம்தான், ஒளிப்பானேன்.

காருக்கு ஆகாத பேட்டரி குப்பைக்கா போகிறது? ஆம்ஸ்டர்டாமில் யோஹன் கிரைஃப் கால்பந்து அரங்கத்தில் புதிதும் பழையதுமாக 148 லீஃப் கார்களுக்கு ஈடான பேட்டரிகளை 2018-இல் அடுக்கி, மின்சாரம் சேமிக்கிறார்கள்! இந்தியாவிலும் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து உலோகத்தை மீட்க வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. காயலான் கடையில் போட்டு உடைத்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது. உள்ளே நானூறு வோல்ட்!

கடைசியாக ஒன்று. லித்தியமே இல்லாத பேட்டரியில் கார் ஓடுகிறது! சோடியம் அயனி. சீனாவில் 2024 தொடக்கத்திலேயே வாங்கியவர்கள் கைக்கு வண்டி வந்துவிட்டது. குளிரை நன்றாகத் தாங்கும், மூலப்பொருள் மலிவு, எடைக்குக் கிடைக்கும் மின்சாரம் மட்டும் கொஞ்சம் குறைவு. சோடியத்துக்கு எங்கே போவது? நாம் சமைக்கிற உப்பில் எடைக்கு 39 சதவீதம் சோடியம்தான். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளம். இப்போதைக்கு அது ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.