ஓரத்தில் ஒரு குறி

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சில குடும்பங்களுக்கு இட்லி வியாபாரம்தான் பிழைப்பு. விடியும் முன்பே இட்லி அவிப்பார்கள். தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்பார்கள்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டு அக்காவுக்கு இப்போது எழுதத் தெரியும். ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கடைப் பாக்கி, உளுந்து விலை, மாமியாரின் மாத்திரை, பையனின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அதில் இருக்கும். எழுதுவதில் குறை இல்லை. தேடும்போதுதான் தொல்லை.

கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி போட வேண்டும். அக்கா தேதியை எழுதி வைத்தார். அதன் கீழே அரிசிக் கணக்கு வந்தது. பிறகு கேஸ் கணக்கு வந்தது. பக்கம் புரண்டுவிட்டது. தேதி தாண்டிப் பத்து நாள் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“தேதி தவறினாலும் ஊசி போடலாம் அம்மா. ஆனால் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை” என்றார் நர்ஸ்.

ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு போடலாமா? ஐந்து நோட்டு வாங்கினால் நான்கு தொலைந்துபோகும். அது மட்டும் இல்லை. மாத்திரை வாங்கிய 240 ரூபாயை எந்த நோட்டில் எழுதுவது? மருந்து நோட்டிலா, செலவு நோட்டிலா?

இதற்கு நல்ல வழி மும்பைத் தெருவிலேயே இருக்கிறது. டப்பாவாலாக்களைப் பாருங்கள். வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இவர்கள். 1890 முதல் இந்தத் தொழில் நடக்கிறது. ஒரு டப்பா பல கைகள் மாறும். வீட்டில் வாங்குபவர் ஒருவர். ரயிலில் கொண்டுபோகிறவர் வேறொருவர். அலுவலகத்தில் கொடுப்பவர் இன்னொருவர். டப்பாவின் மேல் முழு விலாசம் இருக்காது. மூடியில் சில எழுத்துகளும் எண்களும் பெயிண்டால் எழுதியிருக்கும். எந்த இடத்தில் வாங்கியது, எந்த ஸ்டேஷனில் இறக்குவது, எந்தக் கட்டிடம், எந்த மாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. ஸ்டேஷனில் இறக்குபவர் ஸ்டேஷன் குறியைப் பார்த்தால் போதும். மாடி ஏறுபவருக்கு மாடிக் குறி போதும். சாப்பிட்ட பிறகு காலி டப்பா வீடு திரும்புவதும் அதே குறிகளால்தான்.

ஒரே மூடியில் பல குறிகள். நோட்டிலும் இப்படிச் செய்யலாம்.

பக்கத்தின் இடது பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டுக் கோடு போடுங்கள். அந்த ஓரம் குறிகளுக்கு மட்டும். மருந்து, ஊசி என்றால் ஒரு கூட்டல் குறி. பணம் என்றால் ஒரு வட்டம். பள்ளிக்கூடம் என்றால் ஒரு முக்கோணம். நோட்டின் முதல் பக்கத்தில், எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் உங்களுக்கே மறந்துபோகும். ஐந்து குறிகளுக்கு மேல் வேண்டாம். கலர் பேனாவும் வேண்டாம், பிள்ளைகள் எடுத்துப் போய்விடுவார்கள்.

இப்போது மாத்திரைச் செலவை ஒரே வரியில் எழுதலாம். ஓரத்தில் கூட்டல், பக்கத்தில் வட்டம். மருந்தைத் தேடினாலும் கிடைக்கும். செலவைக் கூட்டினாலும் விட்டுப்போகாது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கூட்டல் குறியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே பக்கங்களைப் புரட்டுங்கள். வரப்போகும் ஊசித் தேதி விரலில் தட்டுப்படும்.

கைப்பேசியில் குறிப்பு எழுதுகிறவர்கள், குறிப்பின் கடைசியில் ‘மருந்து’ என்று ஒரு சொல் சேர்க்கலாம். பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் எல்லாம் சேர்ந்து வரும்.

வேலை முடிந்ததா? வரியை அடிக்காதீர்கள். குறியின் மேல் மட்டும் ஒரு கோடு போடுங்கள். “போன மாதப் பாக்கி இன்னும் வரவில்லையே” என்று கடைக்காரர் சொன்னால், அக்கா நோட்டைத் திறந்து காட்டலாம். கொடுத்த தேதியும் தொகையும் அந்த வரியில் அப்படியே இருக்கும்.