படியேறி வரும் அரிசி

சென்னைப் பட்டணத்தில் ஏழை வயோதிகர்களின் பட்டினியைப் பற்றி விசாரிக்கப் புகுந்தால், ரேஷனில் அரிசி இல்லை என்று முறையிடுவோர் அபூர்வம். 1967 மே மாதத்தில் அண்ணாவின் அரசாங்கம் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற ஏற்பாட்டைச் சென்னையிலும் கோவையிலும் ஆரம்பித்தது முதல், 2011 ஜூன் மாதத்தில் அரிசி அட்டைக்காரர்களுக்கு விலையில்லாமலே அளக்கத் தொடங்கியது வரை, கட்சிகள் மாறினாலும் மாறாமல் நின்ற கொள்கை ஒன்று தமிழ்நாட்டில் உண்டென்றால் அது இந்த அரிசிதான். மந்தைவெளியில் ஒண்டுக் குடித்தனத்தில் தனியாக ஜீவனம் பண்ணுகிற பாட்டிக்கும், பட்டினப்பாக்கத்துக் குடிசை மாற்று வாரியக் கட்டடத்தின் மேல்மாடியில் கால் வழங்காமல் கிடக்கிற மனிதருக்கும் உள்ள கஷ்டம் வேறு: அரிசி கீழே இருக்கிறது; அவர்கள் மேலே இருக்கிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொண்ட பையை யாராவது தூக்கி வர வேண்டும். அதற்கு முன் இயந்திரத்தில் கைரேகை வைத்தாக வேண்டும். கடை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. "பாட்டிம்மா, ரேகை விழல. நல்லா தொடைச்சிட்டு வைங்க" என்பார் கடைக்காரர்; முந்தானையில் துடைத்துக் கட்டைவிரலை வைப்பாள்; விழாது. ஆள்காட்டி விரல், அதுவும் விழாது. "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்ச கைப்பா, ரேகைக்கு எங்கே போறது?" என்பாள் அவள். கண்ணின் கருவிழியைப் படம்பிடித்துச் சரிபார்க்கும் கருவி பிற்பாடு வந்தது. வர இயலாதவர்கள் வேறொருவரை நியமித்து எழுதிக் கொடுக்கலாம் என்ற விதியும் உண்டு. ஆனால் நியமிக்கத்தக்க ஒரு மனுஷர் அருகில் இருந்தால் அல்லவா அந்த விதியால் பிரயோஜனம்?

இந்த இடைவெளியை உத்தேசித்துத்தான் 2025 ஆகஸ்டு 12-ஆம் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சென்னையில் தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில், மின்னணுத் தராசும் ரேகை இயந்திரமுமாக மூடிய வண்டியில் புறப்படும் ரேஷன் கடைப் பணியாளர்கள், எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே எடை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் செய்த ஏற்பாடு. அப்போது அரசு சொன்ன கணக்கின்படி பயனடைவோர் 21.7 லட்சம் பேர். கூட்டுறவுத் துறைக்கு ஆகும் செலவு 30.16 கோடி ரூபாய். தலைக்கு வருஷத்துக்கு நூற்று நாற்பது ரூபாய்கூட ஆகாத இந்தச் செலவை யாரும் ஊதாரித்தனம் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆயினும் வாசலில் இறங்குவது அரிசியே யன்றிச் சோறு அன்று. உலை வைக்கவும் கஞ்சி வடிக்கவும் சக்தியற்றவருக்கு அரிசி மூட்டை ஒரு சொத்தாக மட்டுமே இருக்கும். இதைப் பழைய அரசாங்கங்கள் அறியாமல் இல்லை. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023 முதல் 1,200 ரூபாயாக இருந்துவந்த முதியோர் ஓய்வூதியத்தோடு வேட்டி சேலையும் அரிசியும் தருவதுண்டு. அந்த அரிசிக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு: சத்துணவு மையத்தில் பகல் உணவு உண்பவருக்கு மாதம் 2 கிலோ, உண்ணாதவருக்கு 4 கிலோ. எம்.ஜி.ஆர். 1982-இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவு மறு வருஷமே ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் விஸ்தரிக்கப்பட்டது. பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகளோடு தட்டேந்தி உட்கார எத்தனை முதியவர்களுக்கு மனம் இடம் கொடுத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கூச்சமில்லாமல் உண்ண ஓர் இடம் அமைந்தது 2013 பிப்ரவரி 19-இல், மயிலைக்கு அடுத்த சாந்தோமில் ஜெயலலிதா அம்மா உணவகத்தைத் திறந்து வைத்தபோதுதான். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், இரண்டு சப்பாத்தி 3 ரூபாய் என்பது அதன் விலை. காலையில் நான்கு இட்லி, பகலில் சாம்பார் சாதம், இரவில் சப்பாத்தி என்று கணக்கிட்டால் நாளுக்கு 12 ரூபாய், மாதத்துக்கு 360. அந்த 1,200 ரூபாய் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காசு கொடுத்து வாங்குகிறோம் என்ற கௌரவம் அந்த ஒரு ரூபாயில் அடங்கியிருக்கிறது. ஆதலால் இதை முற்றிலும் இலவசமாக்க வேண்டும் என்று வாதிப்போருடன் நான் சேரமாட்டேன்.

அங்கும் நடந்து போகிறவனுக்கே இட்லி. தியாகராய நகரின் நெரிசலைச் சக்கர நாற்காலியில் கடப்பதோ, ஊரூர்க் குப்பத்து மணல் சந்திலிருந்து ஊன்றுகோலோடு அடையாறுக்கு வருவதோ லேசான காரியமன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பிரிட்டனில் மகளிர் தொண்டர் படையினர், சமைத்த உணவை வயோதிகர்களின் வீடுகளுக்கு எடுத்துச் சென்றார்கள். இங்கே அதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அம்மா உணவகங்களில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். தூக்குப் பாத்திரமும் கூடுதல் கூலியும் கொடுத்தால், ஓர் உணவகத்துக்கு இருவர் சுற்றுப்புறத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஓய்வூதியக்காரர் பட்டியல் தாலுகா ஆபீஸில் இருக்கிறது. அடுப்பு மாநகராட்சியிடம் இருக்கிறது. மாடியேற முடியாதவர் யார், எந்த வீட்டில் என்பது கூட்டுறவுத் துறையின் வண்டிக்காரர்களுக்குத் தெரிகிறது. இம்மூன்று இலாகாக்களையும் ஒரு மேஜைக்கு வரவழைக்க ஓர் அரசாணை போதும்.